எந்தப் பொத்தானை அழுத்துவது? - வாசகர் கேள்வி பதில்

விமான நிலையம் ஒன்றின் பணமாற்றுக் கவுன்ட்டரில், கண்ணாடிக்குப் பின்னால் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். வெளிநாட்டில் பணம் கட்டுவது பற்றிக் கேட்கலாம் என்று போன இதழில் ஒரு வரி போட்டார்கள். வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. முதலில் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கே: பாரிஸில் ஹோட்டல் பில் கட்டும்போது, கார்டு மிஷின் யூரோவில் ஒரு தொகையும் என் நாட்டுப் பணத்தில் ஒரு தொகையும் காட்டி, எது வேண்டும் என்று கேட்டது. புரிகிற கணக்காக இருக்கட்டுமே என்று என் நாட்டுப் பணத்தை அழுத்தினேன். கூட வந்த தோழி யூரோவை அழுத்தினாள். அதே வாடகைக்கு அவள் என்னைவிடக் குறைவாகக் கட்டியிருக்கிறாள். நான் செய்தது தப்பா?

ப: தப்பு என்று சொல்ல மாட்டேன் அம்மா. தெரிந்த பணத்தைப் பார்த்தால் விரல் தானாக அங்கேதான் போகும். அந்தத் திரையை அப்படி அமைத்தவர்களுக்கும் அது தெரியும்.

உங்கள் தோழி யூரோவை அழுத்தியதும், யூரோத் தொகை அப்படியே விசா, மாஸ்டர்கார்டு மாதிரியான கார்டு நிறுவனத்துக்குப் போயிருக்கும். அவர்கள் தங்களுடைய அன்றைய விகிதத்தில் மாற்றுவார்கள். அதன் மேல் கார்டு கொடுத்த வங்கி தன் கட்டணத்தைச் சேர்க்கும். அவ்வளவுதான். நீங்கள் உங்கள் பணத்தை அழுத்தியதும், மாற்றும் வேலை அந்த மிஷினை நடத்துகிறவர்கள் கைக்குப் போய்விட்டது. அவர்கள் வைத்ததுதான் விகிதம். அந்த லாபத்தில் கடைக்கும் ஒரு பங்கு போவது உண்டு. சில இடங்களில் உங்களைக் கேட்காமல் காசாளரே பொத்தானை அழுத்திவிட்டு மிஷினை நீட்டுவது அதனால்தான். இதில் இன்னொரு வேடிக்கை, தொகை உங்கள் நாட்டுப் பணத்திலேயே வந்தாலும், கடை வெளிநாட்டில் இருக்கிறது என்று சொல்லி உங்கள் வங்கி தனியாகவும் கட்டணம் பிடிக்கலாம்.

தொழிலில் இதற்கு டிசிசி என்று பெயர், டைனமிக் கரன்சி கன்வர்ஷன். அந்த ரசீதை வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருக்கும்: எந்தப் பணத்தில் கட்டுவது என்று எனக்குத் தேர்வு தரப்பட்டது, நானே தேர்ந்தெடுத்தேன் என்று. பிறகு புகார் செய்தால் அந்த வரியைத்தான் காட்டுவார்கள்.

அடுத்த முறை கார்டை நீட்டும்போதே 'லோக்கல் கரன்சி' என்று சொல்லிவிடுங்கள். ரசீதில் உங்கள் நாட்டுப் பணம் வந்துவிட்டால், கவுன்ட்டரை விட்டு நகராமல் அதை ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம்.

ஏடிஎம்மிலும் இதே கூத்துதான், கொஞ்சம் கூடுதலாகப் பயமுறுத்தும். எடுக்கும் தொகையை உங்கள் நாட்டுப் பணத்தில் மாற்றிக் கணக்குப் போடட்டுமா, 'அக்செப்ட்'டா, 'டிக்ளைன்'னா என்று கேட்கும். டிக்ளைன் அழுத்தினால் பணமே வராதோ என்று நினைத்துப் பலபேர் அக்செப்ட் அழுத்துகிறார்கள். பணம் வரும். மறுப்பது மாற்று விகிதத்தை மட்டும்தான். ஆனால் அதற்கு முன்னாலேயே 'இந்த மிஷினைப் பயன்படுத்த இவ்வளவு கட்டணம்' என்று ஒரு திரை வந்தால் அது வேறு கதை. அது பிடிக்கவில்லையென்றால் கார்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வங்கி ஏடிஎம்முக்குப் போய்விடுங்கள்.

கே: 'கமிஷன் கிடையாது' என்று பலகை போட்டிருக்கும் பணமாற்றுக் கடைகளை நம்பலாமா?

ப: அந்தப் பலகையைத் தினமும் காலையில் துடைத்து வைத்தவனே நான்தான் சார். பலகையில் பொய் இல்லை. கமிஷன் வாங்க மாட்டோம். விகிதத்திலேயே எடுத்துக்கொள்வோம்.

வாங்கும் விலை, விற்கும் விலை என்று இரண்டு எண் இருக்கும் இல்லையா? சந்தையில் ஒரு கரன்சியின் விலை 100 என்று வையுங்கள். ஒரு கடை 98க்கு வாங்கி 102க்கு விற்கும். இன்னொன்று 90க்கு வாங்கி 110க்கு விற்கும். கமிஷன் இல்லை என்று இரண்டு கடையுமே எழுதிப் போடலாம். இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம்தான் அவர்கள் சம்பாத்தியம். வெளியே வந்து இறங்கிய களைப்பில் யாரும் அந்தப் பள்ளத்தை அளப்பதில்லை.

எங்கள் கவுன்ட்டருக்கு ஒரு பாட்டி வருவார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "தம்பி, நூறு டாலர் வாங்கி இப்பவே உன்கிட்ட திருப்பிக் கொடுத்தா எவ்வளவு குடுப்பே?" என்பார். சொன்னால், "சரி, பக்கத்துல பார்த்துட்டு வரேன்" என்று நடந்துவிடுவார். அவர் ஒரு தடவைகூட எங்களிடம் மாற்றியதில்லை. இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது.

கே: நூறு டாலர் நோட்டில் ஓரம் லேசாகக் கிழிந்திருக்கிறது. அமெரிக்க நோட்டு எந்த வருடத்துடையதாக இருந்தாலும் செல்லும் என்கிறார்களே, எடுத்துப் போகலாமா?

ப: 1861 முதல் வெளியிட்ட எல்லா நோட்டுக்கும் அமெரிக்க அரசாங்கம் முழு மதிப்புத் தரும் என்பது உண்மை. உங்கள் எதிரில் நிற்கப்போவது அமெரிக்க அரசாங்கமாக இருந்தால் கவலையே இல்லை.

நான் கம்போடியா போயிருந்தேன். அங்கே உள்ளூர்ப் பணமான ரியலோடு டாலரும் புழங்குகிறது. டாலர் நோட்டாகக் கொடுத்தால், ஒரு டாலருக்குக் குறைந்த சில்லறையை ரியலில் தருவார்கள். தங்கிய இடத்தில் ஒரு இருபது டாலர் நோட்டை நீட்டினேன். அந்தப் பெண் அதை விளக்குக்கு நேராகப் பிடித்தார், மடிப்பை நகத்தால் நீவினார், மேல் ஓரத்தில் அரிசி அளவு இருந்த கிழிசலைக் காட்டித் தலையை ஆட்டினார். இதே வேலையைப் பத்தொன்பது வருடம் அடுத்தவர்களுக்குச் செய்தவன் நான். அன்றைக்குத்தான் அந்தப் பக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

அப்புறம் நூறு டாலரில் படமும் பார்ப்பார்கள். 1996க்கு முந்தைய நோட்டில் பிராங்க்ளின் முகம் சின்னதாக இருக்கும். அதற்குச் சில இடங்களில் குறைந்த விலை சொல்வார்கள், சில இடங்களில் தொடவே மாட்டார்கள். நீலப் பட்டை ஓடும் 2013 நோட்டுக்குத்தான் மரியாதை. கிழிந்ததைக் கிளம்புவதற்கு முன்பே வங்கியில் கொடுத்து மாற்றிவிடுங்கள்.

கே: ஜப்பானிலிருந்து ஒரு பை நிறையச் சில்லறை கொண்டுவந்துவிட்டேன். மாற்ற முடியுமா?

ப: எங்களைப் போன்ற கவுன்ட்டர்களில் பெரும்பாலும் நாணயம் வாங்குவதில்லை. அந்தப் பையில் 500 யென் நாணயங்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள், வயிறு எரியும். அடுத்து போகும் நண்பரிடம் கொடுத்து அனுப்புங்கள். நடுவில் ஓட்டையோடு, எண்ணே போடாமல் ஜப்பானிய எழுத்து மட்டும் இருக்கிற மஞ்சள் நாணயம் 5 யென். அதைப் பேரன் பேத்திக்குக் கொடுக்கலாம்.

கே: புருனே போய் வந்ததில் மிச்சமான டாலர் இருக்கிறது. அடுத்த மாதம் சிங்கப்பூர் போகிறேன். மாற்ற வேண்டுமா?

ப: வேண்டாம். 1967 ஒப்பந்தப்படி புருனே டாலரும் சிங்கப்பூர் டாலரும் ஒன்றுக்கு ஒன்று. அப்படியே நீட்டுங்கள்.

கே: அப்பாவின் பழைய பெட்டியில் இருபது பவுண்டு காகித நோட்டுகள் நான்கு கிடைத்தன. லண்டனில் செலவு செய்யலாமா?

ப: கடையில் வாங்க மாட்டார்கள். காகித இருபதும் ஐம்பதும் 2022 செப்டம்பர் 30க்குப் பிறகு செல்லாது. இப்போது புழங்குவது பாலிமர், அதாவது பிளாஸ்டிக் நோட்டு. ஆனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தான் வெளியிட்ட நோட்டை பாங்க் ஆஃப் இங்கிலாந்து எத்தனை வருடம் ஆனாலும் மாற்றித் தரும். நான்கு நோட்டிலும் 'பாங்க் ஆஃப் இங்கிலாந்து' என்றுதான் அச்சாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்காட்லாந்து வங்கிகளும் சொந்தமாகப் பவுண்டு நோட்டு அடிக்கின்றன. அப்படி இருந்தால் அந்தந்த வங்கியைத்தான் கேட்க வேண்டும்.