பைத்தானும் குமிழித் தூம்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகன் அண்ணா பல்கலைக்கழகத்தின் ரெகுலேஷன் 2021 பாடத்திட்டத்தில் மெக்கானிக்கல் படிக்கிறான். முதலாண்டில் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று இரண்டு பேப்பர். கைடு வாங்கி, முந்தின நாள் ராத்திரி உருப்போட்டு எழுதிவிட்டான். அந்த நேரத்தில் பைத்தான் (கம்ப்யூட்டர் மொழி) இன்னும் கூடுதலாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் வேலைக்காவது உதவியிருக்குமே?

கா.

அன்புள்ள கா.,

அந்த நேரம் எவ்வளவு? பேப்பருக்கு 1 கிரெடிட், 15 பாடவேளை. அதில் கூடுதல் பைத்தான் வைத்தால் இரண்டு புரோகிராம் எழுதுவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும்.

உருப்போட வைப்பது வேறு. 15 வேளைக்கு 5 அலகு, அலகுக்கு 3. இரண்டாவது பேப்பரின் நான்காம் அலகில் அணை, ஏரி, மதகு, குமிழித் தூம்பு (ஏரிக்குள் கட்டி நீர் திறந்துவிடும் பழைய கல் மடை), கால்நடைக் கிணறு, மீன்வளம், முத்துக்குளித்தல் எல்லாம் உண்டு. மூன்று வேளையில் அத்தனையையும் தொட்டால் பெயர்கள்தான் மிஞ்சும்.

பாடம் எடுக்கிறவர் துணிந்து மூன்று வேளையையும் தூம்புக்கே கொடுக்கலாம். மற்றவை வீட்டில் படிக்கட்டும்.

முதல் வேளை, குறுக்குவெட்டுப் படம். கரையை விட்டுத் தள்ளி, ஏரிக்குள் கல்தொட்டி. மேலே நீரோடித் துளை, அதில் கல் அடைப்பு. அடியில் சேறோடித் துளைகள். அடைப்பைத் தூக்கினால் நீர் தொட்டிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் ஓடும் சுருங்கை வழியே வாய்க்காலுக்குப் போகும்; அந்த ஓட்டமே அடிச்சேற்றையும் இழுத்துக்கொள்ளும். மேல்துளை மட்டும் இருந்தால் சேறு தங்கித் தொட்டியையே மூடிவிடும்.

இரண்டாம் வேளை, கணக்கு. துளை 15 செ.மீ. விட்டம், மேலே 2 மீட்டர் நீர், வெளியேற்றக் கெழு (கணக்குப்படி வர வேண்டியதில் உண்மையில் வெளியேறும் பங்கு) 0.6 என்றால் நொடிக்குச் சுமார் 66 லிட்டர். நீர் 1 மீட்டருக்கு இறங்கினால் 33 அல்ல, 47. ஏன் பாதியாகவில்லை என்று மாணவன் கேட்பான். ஓட்டம் நீர் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது அங்கே வரும். (சுருங்கையில் மண் அடைத்திருந்தால் இன்னும் குறையும்.)

மூன்றாம் வேளைதான் ‘நான்-டெக்னிக்கல்’. அடைப்பைத் தூக்குவது யார், யார் சொல்லி? தலைமடைக்காரன் நாளெல்லாம் பாய்ச்சினால் கடைமடை காயும். அதனால்தான் ஊரில் நீரைத் திறந்து பங்கிட நீர்க்கட்டி என்று ஓர் ஆளும், முறைவைத்துப் பாய்ச்சும் முறைப்பாசனமும் இருந்தன. வால்வு டிசைன் செய்யப்போகிற பையனுக்கு, அதைத் திறக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி அன்றுதான் முதன்முதலாக எழும்.

தேர்வில் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்: “ஏரி பாதிதான் நிரம்பியிருக்கிறது. கடைமடைக்கு நீர் எட்ட வேண்டும். எத்தனை மணி நேரம் திறப்பாய், யாரைக் கேட்டுத் திறப்பாய்?” கைடு போடுகிறவர்கள் கொஞ்சம் திண்டாடுவார்கள்.