குச்சி ஐஸ் கோடை: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: இணையத்தில் 499 ரூபாய்க்கு வாங்கிய சிலிகான் குச்சி ஐஸ் அச்சில் எந்தச் சாற்றை உறைய வைத்தாலும் ரப்பர் வாடை அடிக்கிறது. பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற முடியாது என்கிறார் விற்பனையாளர். (காவேரிப்பட்டணம்)

பதில்: பயன்படுத்திப் பார்க்காமல் வாடையை எப்படிக் கண்டுபிடிப்பதாம்? குறையுள்ள பொருளைப் பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், காலம் எதுவும் குறிப்பிடப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அந்த விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் அதற்கு ஒப்புகை தரவும் ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவும் அவர் கடமைப்பட்டவர். அவர் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்பவர் எந்த ஊர்க்காரரானாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. நான் வாங்கிய அச்சின் மூடி இறுகாமல், சாறு முழுவதும் ஃப்ரீசர் தட்டில் வழிந்து உறைந்தது. இப்போது அதில் என் மனைவி கீரை விதை முளைக்க வைக்கிறார்.

கேள்வி: பாட்டில் மாம்பழ பானத்தை ஊற்றிக் குச்சி ஐஸ் செய்தேன். சுவையே இல்லை என்று குழந்தைகள் தூக்கி எறிந்துவிட்டார்கள். நிறுவனத்தின் மீது வழக்குப் போடலாமா? (பர்கூர்)

பதில்: போட முடியாது. நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. பாட்டிலின் பின்பக்கத்தை நீங்கள்தான் படிக்கவில்லை. பழ பானம் என்று விற்பதற்கு 10 சதவீதம் பழச்சாறு இருந்தாலே விதிப்படி போதும், எலுமிச்சையானால் 5 சதவீதம் போதும். உட்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக அச்சிட வேண்டும் என்பதும் விதி. எனவே முதல் சொல் தண்ணீராகவும் அடுத்தது சர்க்கரையாகவும் இருந்தால், நீங்கள் விலை கொடுத்தது எதற்கு என்பது அங்கேயே தெரிந்துவிடும். குழந்தை இரண்டு முறை உறிஞ்சியதும் நிறமும் இனிப்பும் வாய்க்குள் போய், குச்சியில் வெறும் வெள்ளைக் கட்டி நிற்பது இதனால்தான். கூழும் நாரும் இருந்தால் அவ்வளவு எளிதில் வெளுத்துப் போகாது. இதில் எனக்கு நெடுநாளைய வருத்தம் ஒன்று உண்டு. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தோத்தாபுரி மாம்பழம் நம் ஆலைகளிலேயே கூழாகி வெளியூர் போகிறது. மே, ஜூன் மாதங்களில் மண்டியில் மாம்பழம் குவிந்து கிடக்கும்போதுகூட, அதைத் தாண்டிச் சென்று, பத்தில் ஒரு பங்கு பழம் மட்டுமே உள்ள பாட்டிலை வாங்கி வருகிறோம். தண்ணீரை வற்றவைத்துச் செறிவாக்கிய சாற்றில் மீண்டும் தண்ணீர் சேர்த்து விற்பவர்கள் '100 சதவீதப் பழச்சாறு' என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2024இல் உத்தரவிட வேண்டியிருந்தது என்றால், உறையின் முன்பக்கத்தை நம்புவதில் என்ன நியாயம் இருக்கிறது? செந்தூராவோ பங்கனப்பள்ளியோ வாங்கி, இரண்டு கோப்பைக் கூழுக்கு அரைக் கோப்பைச் சர்க்கரைப் பாகும், ஒரு சிட்டிகை உப்பும், சில துளி எலுமிச்சைச் சாறும் சேருங்கள். குளிர்ந்தால் இனிப்பு மட்டுப்பட்டுத் தெரியும் என்பதால் கலவை சற்றுத் திகட்டலாகவே இருக்கட்டும். உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும், ஆகையால் அச்சின் விளிம்பு வரை ஊற்றாதீர்கள்.

கேள்வி: தர்பூசணி ஐஸ் கல்லாகிவிடுகிறது. ஃப்ரிட்ஜ் பழுதா? (ஊத்தங்கரை)

பதில்: இல்லை, சர்க்கரை போதவில்லை.

கேள்வி: அன்னாசியும் பாலும் அரைத்து உறைய வைத்தேன், கசக்கிறது. பழக்கடைக்காரர் பணம் தர மறுக்கிறார். (பென்னாகரம்)

பதில்: அவர் மறுப்பதுதான் சரி. வேகவைக்காத அன்னாசியில் உள்ள புரோமலின் என்ற நொதி பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கிவிடும். பழத்தைக் கொதிக்க வைத்து ஆறிய பின் கலந்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது.

கேள்வி: பள்ளி வாசலில் விற்கும் சீவல் ஐஸ் இளநீல நிறத்தில் இருக்கிறது. கேட்டால் கலர் ஐஸ் என்கிறார்கள். (அரூர்)

பதில்: சாறு ஊற்றுவதற்கு முன்பே கட்டி நீலமாக இருக்கிறதா என்று பாருங்கள். மீன், காய்கறி போன்றவற்றைக் குளிரவைக்கும், உண்ணத் தகாத பனிக்கட்டியை அடையாளம் காணவே அதில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018இல் விதி வந்தது. கட்டியே நீலமென்றால் உடனே மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். கேள்வி கேட்ட நீங்கள் செய்ததில் தவறே இல்லை.

கேள்வி: ஐஸ் செய்வதற்காக நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெட்டி மாம்பழம் வாங்கினேன். தோல் தங்க நிறம், உள்ளே வெளிறிய புளிப்பு, அடியில் ஒரு சிறு பொடிப் பொட்டலம். பில் இல்லை. (ஓசூர்)

பதில்: உங்கள் மீது இரக்கம் இருக்கிறது, ஆனால் ஒரு பழத்தைக்கூட அறுத்துப் பார்க்காமல் பெட்டியோடு வாங்கலாமா? அந்தப் பொட்டலம் கால்சியம் கார்பைடாக இருக்கக்கூடும். ஆர்செனிக், பாஸ்பரஸ் கலந்திருக்க வாய்ப்புள்ள அந்தக் கல்லால் பழுக்க வைப்பதற்கு இந்தியாவில் தடை உள்ளது. எத்திலீன் வாயுவை மட்டும் குறிப்பிட்ட அளவுக்குள் பயன்படுத்தலாம். பொட்டலத்தை வெறும் கையால் தொடாமல் பெட்டியோடு படம் எடுத்து, வாங்கிய இடத்தையும் நேரத்தையும் குறித்து உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுங்கள். பில் இல்லாவிட்டாலும் அந்தப் புகாரைத் தரலாம். பழங்களைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பிள்ளைகளின் கோடை விடுமுறைக்காக டீப் ஃப்ரீசர் வாங்கலாமா? (தருமபுரி)

பதில்: வேண்டாம். நாலு எவர்சில்வர் டம்ளரும் நாலு மரக்குச்சியும் போதும்.