நானூறு அந்திகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பள்ளியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஆறு தோழிகள் இன்று ஆளுக்கொரு திசையில் இருக்கிறோம். பெர்த், தோஹா, லண்டன், டொராண்டோ, நார்வேயின் ட்ரொம்சோ என்று அவரவர் ஊரில் பொழுது சாய்வதைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது எங்கள் வழக்கம். தஞ்சாவூரிலிருந்து நான் அனுப்புகிறேன். அண்மையில் என் மகன், "எல்லாப் படமும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது, இதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மறைந்த என் கணவர் ஏழு ஆண்டுகளாக எங்கள் மொட்டைமாடியிலிருந்து எடுத்த நானூற்றுக்கும் மேற்பட்ட அந்திப் படங்கள் கணினியில் இருக்கின்றன. ஒரே தென்னை வரிசை, ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே சூரியன். அவற்றை வைத்துக்கொள்வதில் பொருள் உண்டா, அழித்துவிடலாமா?

க., தஞ்சாவூர்

அன்புள்ள க. அவர்களுக்கு,

அழித்துவிடாதீர்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

உங்கள் மகனின் கேள்வி தள்ளிவிடக்கூடியதன்று. அதை ஒருவர் கலைப்படைப்பாகவே செய்து காட்டியிருக்கிறார். பெனலபி அம்ப்ரிகோ என்னும் அமெரிக்கக் கலைஞர் 2006 ஜனவரியில் ஃப்ளிக்கர் என்னும் படப்பகிர்வுத் தளத்தில் சூரிய அஸ்தமனப் படங்களைத் தேடியபோது 5,41,795 படங்கள் கிடைத்தன. அவற்றுள் பலவற்றிலிருந்து சூரியனை மட்டும் வெட்டியெடுத்துச் சிறிய அச்சுகளாக்கி, சுவர் முழுவதும் நெருக்கமாக அடுக்கினார்; அன்று கிடைத்த எண்ணிக்கையையே படைப்பின் பெயரிலும் வைத்தார். அந்தச் சுவரின் முன் நிற்கும் எவருக்கும் உங்கள் மகனுக்குத் தோன்றியதே முதலில் தோன்றும். ஆனால் கடல், படகு, மின்கம்பி, மலைமுகடு, கரையில் நின்ற மனிதர் என்று சூரியனைச் சுற்றியிருந்த யாவற்றையும் நீக்கிய பிறகே அந்தச் சூரியன்கள் ஒன்றுபோலாயின. எந்த ஊரின் காற்று வழியாக, எந்த மாதத்தில், எந்த மாடியிலிருந்து அது பார்க்கப்பட்டது என்பது படத்துக்குப் படம் மாறுகிறது. அந்திப் படங்களை நான் விரும்பிப் பார்ப்பது அதற்காகவே.

உங்கள் தோழியரின் படங்களையே எடுத்துக்கொள்வோம். பூமி ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை சுழல்கிறது. இரவும் பகலும் சமமாக இருக்கும் நாள்களில், பெர்த்தில் சூரியன் மறைந்து ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்துத் தஞ்சாவூரில் மறைகிறது. அங்கிருந்து தோஹாவை அடைய இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவாகவும், லண்டனை அடைய ஐந்தேகால் மணியும், டொராண்டோவை அடையப் பத்தரை மணியும் ஆகும். மேற்கு நோக்கி நகரும் இரவு நிழலின் ஒரே விளிம்பை, அது தம் ஊரைக் கடக்கும் நேரத்தில், ஆறு பேரும் முறைவைத்துப் பார்க்கிறீர்கள். ட்ரொம்சோவில் இருப்பவருக்கு மட்டும் அது மெல்ல வருகிறது: அதே சமநாளில் தஞ்சாவூரில் சூரியவட்டம் அடிவானைத் தொட்டு முழுதும் மறைய இரண்டு நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலாக ஆகும், அங்கே சாய்வாக இறங்குவதால் ஆறு நிமிடங்கள் ஆகும். மே மாதம் 20ஆம் நாளை ஒட்டித் தொடங்கி ஜூலை 22ஐ ஒட்டிய நாள் வரை அவரால் உங்களுக்கு அந்திப் படமே அனுப்ப முடியாது, ஏனெனில் அங்கே சூரியன் மறைவதேயில்லை.

நாளும் இடமும் குறித்த அந்திகள் சேரும்போது என்ன நிகழும் என்பதற்கு 1883ஆம் ஆண்டைவிடச் சிறந்த சான்றை நான் அறியேன். அவ்வாண்டு ஆகஸ்ட் 26, 27 நாள்களில் இந்தோனேசியாவின் சுந்தா நீரிணையில் கிரகடோவா எரிமலை வெடித்தது. 36,000க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் ஆழிப்பேரலையில், மாண்டனர். (பின்னர் உலகம் வியந்த நிறங்களைப் பற்றிப் பேசும்போது இந்த எண்ணை விட்டுவிடக் கூடாது என்பது என் எண்ணம்.) வானின் உயரத்துக்கு எறியப்பட்ட சாம்பலும் கந்தக நுண்துளிகளும் நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கு நோக்கிச் சென்று இரு வாரங்களுக்குள் பூமியைச் சுற்றிவந்தன. ஹோனலூலுவில் வாழ்ந்த செரினோ பிஷப் என்னும் சமயப் பணியாளர் செப்டம்பர் தொடக்கத்திலேயே சூரியனைச் சுற்றி மங்கிய வளையம் ஒன்றைக் கண்டு எழுதினார். அவ்வகை வளையத்துக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. அதே மாதத்தில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சை நிறமாகத் தெரிந்தது. அப்போது சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவரும், பின்னாளில் கோடைக்கானல் வானாய்வகத்தை நிறுவியவருமான சார்லஸ் மிச்சி ஸ்மித் அந்தப் பச்சைச் சூரியனை ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி கொண்டு ஆராய்ந்து கட்டுரை எழுதினார். நவம்பர் இறுதியில் அமெரிக்காவின் பொகிப்சி, நியூ ஹேவன் ஆகிய ஊர்களில், அந்திச் செம்மையைப் பெருந்தீ என்று எண்ணித் தீயணைப்பு வண்டிகளை வரவழைத்தனர்.

வண்ணப் புகைப்படம் புழக்கத்துக்கு வராத காலம் அது. ஆகவே லண்டனில் தேம்ஸ் கரையின் செல்சியில் வில்லியம் ஆஸ்கிராஃப்ட் என்னும் ஓவியர் மாலைதோறும் வண்ணக்கோல்களுடன் அமர்ந்து, நிறங்கள் மாற மாற, ஒரே மாலையின் அடுத்தடுத்த நிலைகளை விரைந்து தீட்டினார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட அவருடைய அந்திகளுள் சில, கிரகடோவா பற்றி ராயல் சொசைட்டி என்னும் லண்டன் அறிவியல் கழகம் 1888இல் வெளியிட்ட பேரறிக்கையின் முகப்பில் அச்சாயின. உலகின் பல மூலைகளிலிருந்து வந்த அந்திக் குறிப்புகளை நாள்வாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தபோதுதான், யாரும் எட்டிப் பார்த்திராத உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடுவது தெரியவந்தது. "வானம் மிக அழகாக இருந்தது" என்று மட்டும் எழுதியனுப்பியவரின் கடிதம் இதற்கு உதவியிருக்காது. ஊரையும் நாளையும் சேர்த்து எழுதியவரின் கடிதமே உதவியது.

ஆகவே உங்கள் தோழியரிடம், படத்துடன் இடத்தையும் நேரத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். இது சிறு விஷயமாகத் தோன்றலாம், ஆனால் படம் தானாக இதைச் சொல்லாது. மெரினாவில் சூரியன் மறைவது என்று ஒரு படம் எனக்குப் பலமுறை வந்திருக்கிறது: கடலின் மேல் செஞ்சூரியன். மெரினாவில் கடல் கிழக்கே இருக்கிறது, ஆகவே அது விடியற்காலைப் படம். படத்தை மட்டும் பார்த்து விடியலையும் அந்தியையும் பிரித்தறிவது கடினம்.

நானும் கிழக்குக் கரையில் வளர்ந்தவன். எனக்கு அந்தி என்பது வயலுக்கு அப்பால் புளியமரங்களுக்குள் இறங்குவதாகவே இருந்தது. சூரியன் கடலுக்குள் இறங்குவதை முதன்முதலாக என் இருபத்துநான்காம் வயதில் கோழிக்கோட்டில் பார்த்தேன். அடிவானை நெருங்க நெருங்க அது மேலும் கீழுமாக அழுத்தப்பட்டதுபோலத் தட்டையானது. என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். காற்று, கீழ்விளிம்பின் ஒளியை மேல்விளிம்பின் ஒளியைவிடக் கூடுதலாக வளைப்பதால், சூரியவட்டத்தின் உயரம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறுகித் தெரிகிறது என்று பின்னர் அறிந்தேன். கடல்கோட்டின் மேல் குறையற்ற வட்டமாகச் சூரியன் உட்கார்ந்திருக்கும் படத்தை இன்றும் நான் ஐயத்துடனேயே பார்க்கிறேன். நிறங்களைச் செயலிகளில் மிகையாக ஏற்றுவதும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கைபேசியும் தன் பங்குக்கு நிறத்தை மாற்றுகிறது என்பதைச் சொல்ல வேண்டும்: ஒளிக்கேற்ப நிறங்களைத் தானே சரிசெய்யும் தானியங்கி வொயிட் பேலன்ஸ், அந்தியின் செம்மையைப் பிழை என்று கருதிக் குறைத்துவிடும். அதை நண்பகல் வெயிலுக்கான அளவில் நிறுத்தி எடுத்தால், கண் கண்டதற்கு அருகில் வரும்.

புகையும் தூசியும் மிகுந்த ஊர்களில்தான் அந்தி அழகு என்று பலர் நம்புகின்றனர். ஆனால் தரைக்கு அருகே தேங்கும் புகை நிறங்களை மங்கச் செய்கிறது. டெல்லியின் குளிர்காலத்தில் சூரியன் அடிவானத்துக்கு மேலேயே மங்கிக் காணாமல் போவதுண்டு. மழை கழுவிய காற்றும் உயரத்தில் மெல்லிய முகில்களும் சேரும் நாளில் வரும் செக்கர் வானமே தெளிவானது. ஐப்பசி மழை விட்ட மாலைகளில் உங்கள் கணவர் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள், இது விளங்கும்.

அந்த நானூறு படங்கள் ஒரே இடத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்பதை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள். எனக்கோ அதுவே அவற்றின் பெருஞ்சிறப்பாகத் தோன்றுகிறது. தஞ்சாவூரில் சூரியன் மறையும் இடம், ஆனி முதல் வாரத்தில் நேர்மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 24 பாகையும், மார்கழி முதல் வாரத்தில் தெற்கே அதே அளவும் விலகுகிறது. கையை நீட்டி, விரல்களை மடக்கி முட்டியாகப் பிடித்தால் அது ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். அப்படி ஐந்து முட்டி அகலத்தில் உங்கள் தென்னை வரிசையின் மேல் சூரியன் ஆண்டுதோறும் போய்வந்திருக்கிறது. ஆண்டிலேயே மிக முன்னதாகப் பொழுது சாய்வது, பலர் எண்ணுவதுபோல டிசம்பர் 21 அன்று அல்ல, நவம்பர் பின்பாதியில் என்பதையும் அந்தப் படங்களின் நேரங்கள் காட்டும். மூலக்கோப்புகளை அப்படியே வேறொரு வட்டில் படியெடுத்து வையுங்கள், ஏனெனில் கைபேசிச் செயலிகள் வழியே அனுப்பும்போது நாளும் நேரமும் பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

பிறகு ஆனிப் படம் ஒன்றையும் மார்கழிப் படம் ஒன்றையும் அருகருகே வைத்து, தண்ணீர்த் தொட்டியிலிருந்து சூரியன் எவ்வளவு தள்ளி இறங்குகிறது என்று உங்கள் மகனை அளக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் நாள்வரிசையில் அடுக்கினால் படமே இல்லாத நீண்ட இடைவெளிகளும் தெரியவரும். அவை மூடாக்கு விலகாத வாரங்களா, நீங்கள் இருவரும் ஊரில் இல்லாத நாள்களா, அவரால் மாடிப்படி ஏற முடியாதிருந்த நாள்களா என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். அதையும் தேதியின் அருகில் எழுதி வையுங்கள்.