பத்து பேர்ச் சரிவு நிலத்தில் பெர்மாகல்ச்சர் சரிவருமா?

பண்டாரவளைப் பக்கம் பத்து பேர்ச், பழைய தேயிலைக் காணி, எங்கே தொடங்குவது, கோழியும் வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரிவரும். பெர்மாகல்ச்சர் என்றால் இயற்கையைப் பார்த்து, தண்ணீர், மண், மரம், பயிர் எல்லாம் ஒன்றுக்கொன்று உதவும்படி நிலத்தை அமைக்கும் முறை. பத்து பேர்ச் என்றால் சுமார் 253 சதுர மீற்றர். வீடு போக மிச்சம் ஒரு குடும்பத்தின் மரக்கறிக்குத் தாராளம். ஆனால் காணொளிகளில் காட்டுகிற மாதிரி சரிவுக்குக் குறுக்கே குழி வெட்டி மழைநீரைத் தேக்காதீர்கள். பெர்மாகல்ச்சர் 1970களில் ஆஸ்திரேலியாவில் உருவானது. காய்ந்த நிலத்துக்கு அந்தக் குழி நல்லது. நம் செங்குத்தான சரிவில் ஊறிய மண் அப்படியே வழுக்கி இறங்கும். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு வந்ததும் விடாத மழைக்குப் பிறகுதான். தண்ணீரைத் தேக்க வேண்டாம், வேகத்தைக் குறைத்து ஓரக் கானுக்கு அனுப்புங்கள்.

அதற்கு மூன்று கம்பை 'ஏ' வடிவில் கட்டி, நடுவில் கல்லைத் தொங்கவிட்டு சமமட்டக் கோடு, அதாவது சரிவில் ஒரே உயரத்தில் போகும் கோடு, பாருங்கள். அந்தக் கோட்டில் வெட்டிவேரை நெருக்கமாக நட்டால் வரும் மண் அங்கேயே தங்கி, காலப்போக்கில் தானாகப் படிக்கட்டாகும். வேலிக்கு கிளிரிசீடியா மரம் போடலாம். அதன் தழை நல்ல நைட்ரஜன் உரம். நுவரெலியா உயரத்தில் அது சரியாக வராது.

தேயிலை மண் புளிப்பு மண். கரட், பீட்ரூட் போடுமுன் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூள் கலக்கவேண்டும், உருளைக்கிழங்குக்கு அவ்வளவு தேவைப்படாது. சமையலறைத் தண்ணீரை வாழைக்கும் சேம்புக்கும் திருப்பிவிடுங்கள். கோழி? முதலில் வேலியைக் கட்டுங்கள், அப்புறம் பார்க்கலாம்.