மைக்ரான் அளவு நரம்பிழையை எம்.ஆர்.ஐ. எப்படி அளக்கிறது?

கேள்வி: விரவல் எம்.ஆர்.ஐ. மூலம் மூளை நரம்பிழைகளின் அடர்த்தியைக் கணிக்கலாம் என்று படித்தேன். அப்படத்தின் மிகச்சிறிய கன அலகே ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் பக்கம் கொண்டது. ஆக்ஸான் எனப்படும் அந்த இழையின் விட்டமோ பெரும்பாலும் 1 மைக்ரான் அளவுதான். இது எப்படி முடிகிறது?

பதில்: அந்தப் படத்தில் ஆக்ஸான் தெரிவதில்லை; அதற்குள்ளும் வெளியிலும் ஓயாமல் அலையும் நீர் மூலக்கூறுகளின் நகர்வே, அதாவது விரவலே, பதிவாகிறது. உடல் வெப்பநிலையில் தடையற்ற நீரின் விரவல் குணகம் (விரவும் வேகத்தின் அளவு) மில்லிநொடிக்கு ஏறத்தாழ 3 சதுர மைக்ரான். ஐன்ஸ்டீன் 1905இல் தந்த தொடர்பின்படி, 50 மில்லிநொடியில் ஒரு மூலக்கூறு தன் இடத்திலிருந்து சுமார் 30 மைக்ரான் விலகியிருக்கும். திசுவுக்குள் இத்தொலைவு குறையும். எவ்வளவு குறைகிறது, எந்தத் திசையில் குறைகிறது என்பதில்தான் செல்சவ்வுகளும் ஆக்ஸானைச் சுற்றியுள்ள மயலின் எனும் கொழுப்பு உறையும் இட்ட தடைகளின் தடயம் இருக்கிறது. ஸ்டெஜ்ஸ்கலும் டேனரும் 1965இல் வகுத்த முறையில், ஒரு காந்தப்புலச் சரிவுத் துடிப்பு (இடத்துக்கு இடம் வலிமை மாறும், சிறிது நேரமே நீடிக்கும் காந்தப்புலம்) மூலக்கூறுகளின் இருப்பிடத்தைக் குறித்துவைக்க, அடுத்த துடிப்பு அக்குறியை அழிக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் நகர்ந்தவற்றின் குறி முழுதாக அழியாததால் சமிக்ஞை குறைகிறது.

பாசர், மேட்டியெல்லோ, லெ பிஹான் ஆகியோர் 1994இல் முன்வைத்த டென்சர் முறை, இந்த நகர்வைத் திசைவாரியாக விவரித்தது. ஆனால் அதில் திசைச்சார்பு குறைந்தால், ஆக்ஸான்கள் அழிந்தனவா, மயலின் சிதைந்ததா, அல்லது நலமான இழைகளே குறுக்காகச் செல்கின்றனவா என்று பிரித்தறிய இயலாது. எனவே ஆக்ஸானுக்குள் உள்ள நீர், வெளியிலுள்ள நீர், மூளைத் தண்டுவடத் திரவம் எனச் சமிக்ஞையைப் பங்கிடும் மாதிரிகள் வந்தன. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் உருவாகி 2012இல் வெளியான 'நோடி' அவற்றுள் மிகப் பரவலானது. மருத்துவமனை ஸ்கேனரில் எடுக்கத்தக்க தரவே அதற்குப் போதும். அதற்கு விலையாக, இழை நெடுகிலுமான விரவல் குணகத்தை மில்லிநொடிக்கு 1.7 சதுர மைக்ரான் என்று எல்லோருக்கும் ஒரே மதிப்பாக நிறுத்திவிடுகிறது. நோயுற்ற திசுவில் அது பொருந்தாவிட்டால், பிழை முழுவதும் 'அடர்த்தி' என்ற எண்ணில் போய்ச் சேரும். அந்த எண்ணைச் சமிக்ஞைப் பங்கு என்று அழைப்பதே நேர்மை என்பது என் எண்ணம். மயலினில் சிக்கிய நீரின் சமிக்ஞை பதிவுக்கு முன்பே தேய்ந்துவிடுவதால், அது இந்தப் பங்கீட்டுக் கணக்கிலேயே வருவதில்லை.

கேள்வி: அப்படியானால் எதையும் நிறுத்திவைக்காமல், எல்லா மதிப்புகளையும் தரவிலிருந்தே கணிக்கலாமே?

பதில்: வழக்கமான தரவு அதற்கு இடம் தருவதில்லை. அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினால், ஆக்ஸானுக்குள்தான் விரவல் வேகமாக நடக்கிறது என்று ஒரு விடையும், வெளியில்தான் வேகமாக நடக்கிறது என்று மற்றொரு விடையும் ஒரே தரவுக்கு ஏறக்குறைய சமமாகப் பொருந்துவதை ஜெலெஸ்குவும் குழுவினரும் 2016இல் காட்டினர். தீர்வு கணினியில் இல்லை. சரிவுத் துடிப்புகளின் வடிவத்தையும் எதிரொலி நேரத்தையும் (சமிக்ஞையைப் பதியும் வரை காத்திருக்கும் நேரம்) மாற்றிப் புதுவகைத் தரவைத் திரட்டுவதில் இருக்கிறது. விட்டத்தை அளப்பது இன்னும் கடினம். வழக்கமான ஸ்கேனர்களின் சரிவு வலிமை மீட்டருக்கு 40 முதல் 80 மில்லிடெஸ்லா. ஆய்வுக்கென உருவான 'கனெக்டோம்' ஸ்கேனரில் அது 300. அதிலும்கூட 2 மைக்ரானுக்குக் குறைந்த ஆக்ஸான்கள் விட்டமே இல்லாத கோடுகளாகத்தான் தோன்றுகின்றன.

கேள்வி: பக்கவாதம் என்று சந்தேகிக்கும்போது எடுக்கும் விரவல் படத்துக்கும் இந்த ஐயம் உண்டா?

பதில்: இல்லை. இரத்த ஓட்டம் தடைபட்ட சில நிமிடங்களிலேயே விரவல் குறையத் தொடங்குகிறது. அந்தக் குறைவைக் கண்டறிய நுண்ணமைப்பு மாதிரி எதுவும் தேவையில்லை.