பிக் ஓடட்டும், மெட்டு நடக்கட்டும்: அமெரிக்க டெத் மெட்டல் கேள்வி பதில்

உறுமல் குரலும் கனத்த, வேகமான கிட்டாரும் கொண்ட டெத் மெட்டல் இசையில் கிட்டார், டிரம்ஸ், பாட்டுக் கட்டுமானம், இந்த மூன்றைப் பற்றிக் கேளுங்கள். எந்த பேண்ட் பெரியது என்ற சண்டைக்கு இங்கே பதில் கிடையாது.

தாழ்கம்பி: அண்ணே, பி ட்யூனிங்ல (தடித்த கம்பியை பி சுருதிக்கு இறக்கி) 240 பிபிஎம் (நிமிஷத்துக்கு 240 பீட்), பதினாறாம் நோட்டு. கை தாராளமா போகுது. ரெக்கார்ட் பண்ணிக் கேட்டா ரிஃப்பையே (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் மெட்டு) காணோம், உறுமல்தான் இருக்கு. கையில தப்பா, ஆம்ப்ல தப்பா?

பதில்: இரண்டிலும் இல்லை, ரிஃப்பை எழுதிய விதத்தில் தப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 240 பிபிஎம்மில் பீட்டுக்கு நாலு நோட்டு என்றால் நொடிக்கு 16. ஒரு நோட்டுக்குக் கிடைப்பது 62.5 மில்லி செகண்ட். லோ பி கம்பியின் அதிர்வெண் சுமார் 61.7 ஹெர்ட்ஸ். கம்பி நாலு முறை முழுதாக அதிர்ந்து முடிப்பதற்குள் அடுத்த நோட்டு வந்து மேலே விழுகிறது. இவ்வளவு சின்ன அவகாசத்தில் காதுக்கு சுருதி பிடிபடுவது கஷ்டம். டிஸ்டார்ஷன் (ஆம்ப் ஒலியைக் கரகரப்பாக்குவது) எழுப்பும் மேல் ஹார்மானிக்ஸ் (மூலச் சுருதிக்கு மேலே கூடவே ஒலிப்பவை) கொஞ்சம் கை கொடுக்கும். ஆனால் கெயின் (அந்தக் கரகரப்பின் அளவு) ஏற ஏற அவையும் ஒன்றோடொன்று கலந்து சேறாகிவிடும்.

எனவே இரண்டு கையையும் ஒரே வேகத்தில் ஓட்டாதீர்கள். வலது கை பதினாறாம் நோட்டிலேயே ஓடட்டும், இடது கை பீட்டுக்கு ஒரு முறை மட்டும் நகரட்டும். இப்போது ஒவ்வொரு சுருதிக்கும் 250 மில்லி செகண்ட் இருக்கிறது, காதுக்கு அது தாராளம். மார்பிட் ஏஞ்சல் 1989இல் வெளியிட்ட ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ் ஆல்பத்தின் ட்ரெமலோ ரிஃப்களை (ஒரே நோட்டைப் படபடவென்று அடிப்பவை) கேளுங்கள்: பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) பறக்கும், மெட்டு நிதானமாக நடக்கும். முப்பது வருஷம் கழித்தும் அவற்றை முணுமுணுக்க முடிவது அதனால்தான். நோட்டுக்கு நோட்டு சுருதி மாறியே ஆக வேண்டும் என்றால் அந்த ஓட்டத்தை மூன்றாம், நான்காம் கம்பிக்கு ஏற்றுங்கள். கெயினையும் குறையுங்கள். பத்தில் ஐந்து போதும்.

வேகப்பசி: சார், 240 எட்டறது எப்படி? 190ல முழங்கை இறுகிடுது.

பதில்: இறுகிய கையோடு வேகத்தை ஏற்றினால் அந்த இறுக்கமும் சேர்ந்தே பழக்கமாகிவிடும். கை தளர்வாக இருக்கும் உச்சத்தைக் கண்டுபிடியுங்கள், 170 என்று வையுங்கள். அதில் 10 நொடி அடித்து, 20 நொடி ஓய்வு. பத்துச் சுற்றும் சுத்தமாக வந்தால் மறுநாள் 4 பிபிஎம் ஏற்றுங்கள். ஒரு சுற்று சிதறினாலும் அதே இடத்தில் நில்லுங்கள். பிக் 1 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனில் இருக்கட்டும், விரலுக்கு வெளியே நுனி மட்டும் தெரியட்டும். பிக்கைக் கம்பிக்குச் சற்றே சாய்த்துப் பிடித்தால் சிக்காமல் வழுக்கும். வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பயிற்சியை குறைந்த கெயினில் செய்யுங்கள், தவறு அதில்தான் காதுக்குத் தெரியும்.

மண்டையோடு: அமெரிக்க டெக்னிக்கல் டெத் மெட்டலில் நெக்ரோஃபேஜிஸ்ட்தானே உச்சம்?

பதில்: அவர்கள் ஜெர்மனி. கோர்கட்ஸ் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள், அது கனடா.

ரெட்டைமிதி: டிரம்ஸ்ல டிரிக்கர் வைக்கறது ஏமாத்து வேலைன்னு சொல்றாங்களே?

பதில்: டிரிக்கர் என்பது டிரம்மில் பொருத்தும் சென்சார், ஒவ்வொரு அடிக்கும் பதிவான ஒலியை எழுப்பி சத்தத்தைச் சமப்படுத்தும். தாளத்தைத் திருத்தித் தராது. நொடிக்கு 16 கிக் (காலால் மிதிக்கும் பெரிய டிரம்மின் அடி) என்றால் ஒரு காலுக்கு 8. அந்த வேகத்தில் கால் ஓங்கி மிதிக்க இடமில்லாததால் அடி மெலிந்து, கிட்டாருக்கு அடியில் மறைந்துவிடும். அதற்குத்தான் டிரிக்கர். கால் தடுமாறினால் அந்தத் தடுமாற்றத்தையும் அது உரக்கவே சொல்லும்.

பலர் தவறவிடும் ஒன்று: டிரிக்கரின் ஒலியை எழுப்பும் பெட்டியான மாடியூலில் மாஸ்க் டைம். ஓர் அடிக்குப் பின் இத்தனை மில்லி செகண்டுக்கு அடுத்த அடியை ஏற்காதே என்ற கட்டளை அது. அதை 80இல் வைத்துவிட்டு 240இல் வாசித்தால் ஒன்றுவிட்டு ஒன்று காணாமல் போகும், ஏனென்றால் அடிகளுக்கு இடையே இருப்பதே 62.5தான். ரொம்பக் குறைத்தாலோ ஓர் அடி இரண்டாகக் கேட்கும். 30 முதல் 40க்குள் தொடங்கிப் பாருங்கள்.

புதுவரவு: 200ல இருந்து 240 போக டிப்ஸ்?

பதில்: வேகப்பசிக்குச் சொன்னதுதான்.

பேஸ்நாதன்: டெக்னிக் வளர்ந்ததும் டெத்ங்கற பேண்டில் பாட்டு செத்துப்போச்சு, லெப்ரஸிதான் கடைசி நல்ல ஆல்பம்னு நண்பர் சொல்றார். சரியா?

பதில்: ஒத்துக்கொள்ள முடியாது. 1988இன் லெப்ரஸிக்கும் 1991இன் ஹியூமனுக்கும் நடுவே அந்த பேண்டின் தலைவர் சக் ஷுல்டினர் கூட்டணியையே மாற்றிவிட்டார்: கிட்டாரில் பால் மஸ்விடல், டிரம்ஸில் ஷான் ரைனர்ட், பேஸில் ஸ்டீவ் டி ஜார்ஜியோ. ஆனால் ஹியூமனில் மொத்தம் 8 பாட்டு, சுமார் 34 நிமிடம். சராசரியாக ஒரு பாட்டு நாலே கால் நிமிடம். சிக்கல் பெரும்பாலும் ரைனர்ட்டின் கையிலும் காலிலும் இருக்கிறது. மேலே ஓடும் சக்கின் ரிஃப் இன்னும் விரல்விட்டு எண்ணக்கூடியதுதான். ஒருவர் சிக்கலாக வாசிக்கும்போது இன்னொருவர் எளிமையாக நிற்பது, அதுவே பாட்டெழுதும் திறமை. எல்லோரும் ஒரே நேரத்தில் சிக்கலாக வாசித்தால் கேட்பவனுக்குப் பிடித்துக்கொள்ளக் கொம்பில்லை.

கருங்குருவி: எங்ககிட்ட 14 ரிஃப் இருக்கு. எப்படி பாட்டாக்கறது?

பதில்: பதினொன்றை எடுத்து வையுங்கள். மிச்சம் மூன்று. முதல் ரிஃப் நாலு முறை, இரண்டாவது நாலு, மறுபடி முதல் ரிஃப் இரண்டே முறை, பிறகு மூன்றாவது பாதி வேகத்தில் எட்டு முறை, கடைசியில் இரண்டாவது திரும்பட்டும். ரிஃப் மாறும் இடத்தில் வேகம், தாள அமைப்பு, கம்பியின் உயரம் ஆகிய மூன்றில் ஒன்றையாவது அப்படியே வைத்திருங்கள். மூன்றும் ஒரே நேரத்தில் மாறினால் வேறு பாட்டு தொடங்கிவிட்டதாகத் தோன்றும்.

ரிஃப்பைச் சோதிக்க ஒரு வழி: கிட்டார் இல்லாமல் மேசையில் தாளத்தை மட்டும் தட்டுங்கள். எந்த ரிஃப் என்று உங்கள் டிரம்மர் சொல்லிவிட்டால் அது தேறும்.

ஆறாம்விரல்: இதை ஏத்துக்க முடியலை சார். நீங்க சொல்றது ராக் பாட்டுக் கணக்கு. சஃபோகேஷன், இம்மோலேஷன் எல்லாம் ரிஃப்பை அடுக்கிக்கிட்டே போவாங்க. உங்க சோதனையில சஃபோகேஷனோட எஃபிஜி ஆஃப் தி ஃபர்காட்டன் ஆல்பமே தோத்துடும்.

பதில்: தோற்காது. ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நான் கொடுத்தது முதல் பாட்டு எழுதுபவருக்கான அச்சு, சட்டமில்லை. லாங் ஐலண்டிலிருந்து வந்த சஃபோகேஷன் 1991இல் அந்த ஆல்பத்தில் வேறு வழி போனார்கள். அதிலுள்ள லீஜ் ஆஃப் இன்வெராசிட்டி பாட்டில் அந்தக் கனத்த மெதுவான பகுதி விழும் இடத்தைக் கவனியுங்கள். முன்னால் அத்தனை வேகமும் நெரிசலும் இருப்பதால்தான் அது விழும்போது நெஞ்சில் இடிக்கிறது. ஸ்லாம் என்ற கிளையே அங்கிருந்து முளைத்ததாகச் சொல்வார்கள். அதே பகுதியைத் தனியாக வெட்டி எட்டு நிமிடம் ஓட்டினால் அந்த இடி வராது.

ஆறாம்விரல்: அப்போ திரும்ப வரணும்ங்கற அவசியம் இல்லைன்னு ஒத்துக்கறீங்க.

பதில்: அதே ரிஃப் திரும்ப வர வேண்டியதில்லை. ஆனால் ஏதோ ஒன்று திரும்ப வேண்டும்: ஒரு தாளத் துண்டு, இரண்டு சுருதிக்கு நடுவிலான ஓர் இடைவெளி, ஒரு வேகம். எதுவுமே திரும்பாத ஐந்து நிமிடத்தில் கேட்பவன் கடைசி முப்பது நொடியைத்தான் கையில் வைத்திருப்பான்.

தாமரைத்தண்டு: அப்ப ஒபிச்சுவரி பேண்ட் மாதிரி எளிமையா இருக்கறதே போதும்னு சொல்லலாமா?

பதில்: எளிமை சுலபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்களின் காஸ் ஆஃப் டெத் ஆல்பத்தின் மெதுவான ரிஃப்களில் ஒவ்வொரு பாம் மியூட்டும் (உள்ளங்கையால் கம்பியை அடக்கி அடிப்பது) நிர்வாணமாக நிற்கிறது. பிரிட்ஜ் (கிட்டார் உடலில் கம்பி அமரும் இடம்) பக்கம் உள்ளங்கையை அழுத்திவிட்டால் கம்பி இறுகி சுருதி ஏறும், மெதுவான ரிஃப்பில் அது பளிச்சென்று கேட்கும். தளர்ந்த மெல்லிய கம்பியை ஓங்கி அடித்தாலும் இதே கதிதான். டி ட்யூனிங்குக்கு 11இல் (கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில்) தொடங்கும் செட், பி ட்யூனிங்குக்கு 13இல் தொடங்கி 60ஐத் தாண்டும் செட் போடுங்கள்.

இரும்புக்கால்: ப்ரோ, 240 பிபிஎம் சீக்கிரமா...

பதில்: மூன்றாவது முறை. மேலே இருக்கிறது.

ஒலிப்பெட்டி: ஸ்வீப் பிக்கிங் (ஒரே வீச்சில் கம்பிகளை வரிசையா மீட்டறது) கத்துக்கிட்டேன். சோலோ முழுக்க அதையே போடலாமா?

பதில்: ஒரே ஒரு இடத்தில் போடுங்கள், அதற்கு முன் நாலு பார் நீண்ட நோட்டு வாசியுங்கள்.

தாழ்கம்பி: அண்ணே, கெயினை அஞ்சுக்கு இறக்கிட்டேன். இடது கை பீட்டுக்கு ஒருமுறைதான் மாறுது. ரிஃப் இப்போ கேக்குது! ஆனா சத்தம் ஒல்லியா இருக்கு.

பதில்: தனியாகக் கேட்டால் ஒல்லியாகத்தான் இருக்க வேண்டும். அதே ரிஃப்பை இன்னொரு முறை புதிதாக வாசித்துப் பதிவு செய்யுங்கள். முதல் பதிவை காப்பி எடுத்து ஒட்டினால் அகலம் வராது. ஒன்றை முழு இடதுக்கும் மற்றதை முழு வலதுக்கும் தள்ளுங்கள். இரண்டு கிட்டாரிலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு அந்த இடத்தை பேஸுக்குக் கொடுங்கள். பேஸ் வாசிப்பவர் எல்லா நோட்டையும் துரத்த வேண்டாம், பீட்டுக்கு இரண்டு அடித்தால் போதும். அதற்குப் பிறகும் ஒல்லி என்று தோன்றினால் மிட்ஸை (நடு அதிர்வெண்களை) ஏற்றுங்கள். கெயினைத் தொடாதீர்கள்.