மல்லிகை பூக்கவில்லையா? டர்பனில் கவாத்துக்கு மாதம் ஆடி

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வீட்டுக்குத் தெற்கே சுவரோரம் குண்டுமல்லி வைத்திருக்கிறோம். இலை செழித்து வளர்கிறது, பூ மட்டும் இல்லை. இந்தியப் புத்தகத்தில் சொன்னபடி கார்த்திகையில் கவாத்து செய்கிறோம். வசந்தம் வந்துவிட்டது. இப்போது என்ன செய்யலாம்?

பதில்: கார்த்திகைக் கவாத்து தமிழ்நாட்டுக்குச் சரி. அங்கே குளிர் தொடங்கும் நேரம் அது. செடி ஓய்ந்து, பங்குனியில் புதுத்தளிரோடு மொட்டு விடும். டர்பனில் கார்த்திகை என்பது கோடை மழைக்காலம். குண்டுமல்லி புதுத்தளிரின் நுனியில்தான் பூக்கும் என்பதால், நவம்பரில் ஒட்ட வெட்டினால் அந்தப் பருவத்துப் பூவையே வெட்டிப் போடுகிறீர்கள். பிறகு வரும் மழைக்கு இலைதான் தழைக்கும்.

உங்கள் ஊருக்கு உரிய காலம் ஜூலைக் கடைசி, அதாவது ஆடி முதல் வாரங்கள். அதற்கு மூன்று வாரம் முன்பே தண்ணீரை நன்றாகக் குறைத்துவிடுங்கள். டர்பனில் குளிர்காலம் வறண்டது என்பதால் இது எளிது. தொட்டிச் செடியை மட்டும் முழுக்கக் காயவிட வேண்டாம். பிறகு தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் எல்லாக் கிளைகளையும் வெட்டி, காய்ந்ததையும் உள்ளே நெருக்கும் மெலிந்த குச்சிகளையும் அடியோடு எடுத்து, மிஞ்சும் இலைகளையும் உருவிவிடுங்கள். வேரைச் சுற்றி மண்ணை லேசாகக் கொத்தி, மக்கிய எரு 10 கிலோ போட்டுத் தண்ணீர் விடுங்கள்.

இப்போது செப்டம்பர் என்பதால் ஒட்ட வெட்டாதீர்கள். ஒவ்வொரு கிளையிலும் நுனி மூன்றில் ஒரு பங்கை மட்டும் கிள்ளுங்கள். பக்கத்தளிர் கிளம்பி, கோடைக்குள் ஓரளவு பூ கிடைக்கும். முழுக் கவாத்து அடுத்த ஜூலைக்கு.

உரத்தையும் பாருங்கள். புல்தரைக்குப் போடும் எல்.ஏ.என். (சுண்ணாம்பு கலந்த அம்மோனியம் நைட்ரேட்) உரத்தில் 28 சதவீதம் தழைச்சத்து. மணிச்சத்தோ சாம்பல்சத்தோ இல்லை. அது மழையில் கரைந்து செடியின் வேருக்குப் போனாலே இலை கொழுத்துப் பூ குறையும். மல்லிகைக்கு தழை, மணி, சாம்பல் சத்துகள் 3:1:5 விகிதத்தில் உள்ள கலவை நல்லது, சாம்பல்சத்து அதிகம். ஒரு செடிக்கு 60 கிராம், தண்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி வட்டமாகத் தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை எட்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். தண்டை ஒட்டிப் போட்டால் வேர் கருகும்.

எனக்கு அதைவிடக் கவலை தரும் விஷயம் செடி நிற்கும் இடம். தமிழ்நாட்டில் தெற்குச் சுவரோரம் வெயில் இருக்கும். டர்பனில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுதும் வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. ஜூன் மதியத்தில் 3 மீட்டர் உயரச் சுவரின் நிழல் தெற்கே 4 மீட்டர் நீளும். ஆறு மணி நேர வெயில் இல்லாமல் எந்த உரமும் பூ தராது. ஜூலைக் கவாத்தோடு 40 செ.மீ. அகல வேர்மண்ணுடன் பெயர்த்து, வடக்குப் பக்கம் நடுங்கள். சுவரடியில் சிமென்ட் கட்டிகள் புதைந்திருந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். அந்தச் சுண்ணாம்பால் இரும்புச்சத்து ஏறாமல், நரம்பு பச்சையாக இருக்கத் தளிரிலை மஞ்சளாகும்.

ஆகஸ்ட், செப்டம்பரில் உள்நாட்டிலிருந்து வீசும் வறண்ட சூடான காற்றுக்கு மொட்டு உதிரும், இலைச்சாறு உறிஞ்சும் செஞ்சிலந்திப் பேனும் பெருகும். வாரம் இரண்டு முறை செடிக்கு 10 லிட்டர் தண்ணீர் விட்டு, இலையின் அடிப்பக்கத்தில் காலையில் வேகமாக நீர் பீய்ச்சினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வெட்டும் முன் ஒன்று சோதியுங்கள். குச்சியை ஒடித்தால் பால் வடிகிறதா? வடிந்தால் அது குண்டுமல்லி அல்ல, நர்சரிகளில் ஸ்டார் ஜாஸ்மின் என்று விற்கும் கொடி. அது முந்தைய ஆண்டுக் கிளையில் வசந்தத்தில் பூக்கும். அதை ஜூலையில் வெட்டினால் பூவே இருக்காது. பூத்து முடிந்தபின் வெட்டுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் உறைபனி இறங்கும் தாழ்வான இடங்களில் உள்ளவர்கள் குண்டுமல்லிக் கவாத்தை ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளுங்கள். முந்தி வெட்டினால் புதுத்தளிர் பனியில் கருகும்.